கொடிக்கம்பம் எத்தனை மீட்டர் தூரம்?

மலைகளே இல்லாத தேசம் என்று சொல்லத்தக்க டென்மார்க்கில், யூட்லாந்துத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து வடக்கே சற்றுத் தொலைவு சென்றால், அந்தத் தேசத்தின் மிக உயர்ந்த ஸ்தானம் எது என்ற நெடுங்கால விவாதத்துக்குக் காரணமான மூன்று குன்றுகளை ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். 1847-ஆம் வருஷத்து அளவைக்கு முன்பு ஹிம்மெல்பியர்கெத் என்ற வேறொரு குன்றையே ஜனங்கள் நாட்டின் சிகரமென்று நம்பியிருந்தார்கள். அளந்த பிறகு அந்தப் பெருமை எயர் பௌனெஹோய்க்குப் போயிற்று. அப்பால் யூடிங் ஸ்கோவ்ஹோய் 172.54 மீட்டர் என்று கண்டபோது, அந்த உயரத்தின் மேற்பகுதி வெண்கல யுகத்து மனிதர் இறந்தோரைப் புதைத்துக் குவித்த மண்மேடே என்பதால், அதை இயற்கை உயரமாகக் கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் 2005-இல் நுட்பமாக அளந்தபோது, யாரும் பொருட்படுத்தாதிருந்த மோலெஹோய் 170.86 மீட்டருடன் இயற்கை உயரத்தில் முதலிடம் பெற்றது. எயர் பௌனெஹோயின் உயரம் 170.35. ஏறக்குறைய ஒரு முழம்தான் வித்தியாசம். ஆனாலும் அந்த முழத்தை அறிந்துகொள்வதில் இங்குள்ளவர்களுக்கு இருக்கும் சிரத்தையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த ஊரில் கோல்ஃப் ஆடுகிறவர்களிடமும் அதே சிரத்தையைக் காணலாம். ஹோர்சன்ஸ் கோல்ஃப் கிளப்பிலோ, நகரத்தையொட்டிய ஸ்டென்ஸ்பலே பக்கத்து மைதானத்திலோ, கோடைகாலத்தில் இரவு பத்து மணிவரை நீடிக்கும் வெளிச்சத்தில், தங்கள் பையைத் தாங்களே வண்டியில் இழுத்துக்கொண்டு நடக்கும் ஆட்டக்காரர்களில் அநேகர் கையில் ஒரு கடிகாரமோ, இடுப்பில் தொங்கும் ஒரு சிறு தூரமானியோ வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து இந்நகரத்திலேயே வளர்ந்த இளைஞர் ஒருவர், சென்ற வருஷந்தான் இந்த ஆட்டத்தில் பிரியம் கொண்டவர், ஒரு நாள் மாலை என்னிடம் கேட்டார்: “அண்ணை, ஜிபிஎஸ் தூரமானி ஒண்டு வாங்கலாம் எண்டு இருக்கிறன். காசுக்குப் பிரயோசனமோ?” ஆயிரம் குரோனரில் தொடங்கிப் பல ஆயிரம் வரை விலை போகும் பொருள் அது. அவர் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஆட்டக்காரனுடைய பையில் பதினான்கு மட்டைகள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றின் முகமும் வெவ்வேறு சாய்வுள்ளது. ஒரே பலத்தோடு வீசினாலும் ஒன்று பந்தை நூறு மீட்டரும், மற்றொன்று நூற்றைம்பது மீட்டரும் அனுப்பும். ஆகவே ஒவ்வோர் அடிக்கு முன்பும் அவன் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இரண்டு: குழி இருக்கும் பசும்பரப்பாகிய கிரீன் எவ்வளவு தூரம், அந்தத் தூரத்துக்கு எந்த மட்டை? சென்னை நந்தனத்திலுள்ள காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானத்திலோ உதகமண்டலத்திலோ ஆடுகிறவருக்கு இவ்விரண்டுக்கும் பதில் சொல்லக் கூடவே, பை சுமக்கும் உதவியாளராகிய கேடி வருவார். எத்தனையோ வருஷங்கள் அந்தப் புல்லிலேயே நடந்து பழகிய அவர், பத்து அடிகள் பார்த்த மாத்திரத்தில் ஆடுகிறவரின் பலத்தையும் பலவீனத்தையும் கணித்துவிடுவார். தூரத்தை எண்ணாகச் சொல்வதைக் காட்டிலும், “செவன் அயர்ன் போதும் சார்” என்று மட்டையையே எடுத்து நீட்டிவிடுவார். டென்மார்க்கில் சாதாரண அங்கத்தினர் எவரும் கேடியை வைத்துக்கொள்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தூரமானி வந்து நிற்கிறது. ஆனால் கேடி இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார். கருவியோ முதல் கேள்விக்கு மாத்திரமே சொல்கிறது. வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டிய விஷயம் இதுவே.

தூரமானிகள் இரண்டு ஜாதி. ஒன்று லேசர், மற்றது ஜிபிஎஸ். இரண்டும் நீளத்தை அளப்பதில்லை, காலத்தைத்தான் அளக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பரவசம் உண்டாகிறது. ஏனெனில் அதற்கு ஆதாரமான உண்மையைக் கண்டவர் ஹோர்சன்ஸுக்கு வடக்கே சுமார் நாற்பது கிலோமீட்டரிலுள்ள ஓர்ஹூஸ் நகரத்தில் 1644-இல் பிறந்த ஓலெ ரோமர். வியாழக் கிரகத்தைச் சுற்றும் அயோ என்ற சந்திரன் கிரகத்தின் நிழலில் மறைந்து வெளிப்படும் வேளைகள், பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் கணக்குக்குப் பிந்தியும், நெருங்கி வரும் மாதங்களில் முந்தியும் நிகழ்வதைக் கண்டு, ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு க்ஷணத்தில் பாய்வதில்லை, அதற்கும் பிரயாண காலம் உண்டு என்று 1676-இல் பாரிஸில் அவர் எடுத்துரைத்தார். பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிஷம் ஆகும் என்பது அவர் மதிப்பு. இன்றைய கணக்கில் அது 17 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. பிற்பாடு தாய்நாடு திரும்பிய அதே ரோமர் 1683-இல் டென்மார்க் முழுவதற்கும் ஒரே விதமான நிறுத்தல் முகத்தல் நீட்டல் அளவைகளை ஏற்படுத்தினார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை.

லேசர் தூரமானியின் கண்ணாடி வழியே, குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பத்தைக் குறிபார்த்துப் பொத்தானை அமுக்கினால், கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒளித்துடிப்பு புறப்பட்டுக் கொடியில் பட்டுத் திரும்புகிறது. கொடி 150 மீட்டரில் இருந்தால் போய்வர ஆகும் காலம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைக் கருவி எண்ணி, ஏறக்குறைய ஒரு மீட்டர் பிசகுக்குள் தூரத்தைச் சொல்லிவிடுகிறது. சென்னைப் பரங்கிமலையருகே 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேயர், பாரத தேசத்தை அளக்கும் மகத்தான காரியத்துக்கு அஸ்திவாரமாகச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்க வாரக்கணக்கில் உழைத்தார் என்பதை நினைத்தால், உள்ளங்கையிலடங்கும் இந்த யந்திரத்தின் சாமர்த்தியம் விளங்கும். ஆனால் லேசருக்குக் கொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஃபியோர்டு என்ற கடற்கழியிலிருந்து மூடுபனி எழுந்துவிட்டாலும், மேட்டுக்கு அப்பால் கிரீன் மறைந்திருந்தாலும், பிடித்த கை நடுங்கினாலும் அது பிரயோஜனப்படாது. சில வேளை கொடியை விட்டுப் பின்னாலுள்ள மரத்தின் தூரத்தைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு.

ஜிபிஎஸ்ஸுக்கு அந்தத் தடை இல்லை. பூமிக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைச் சந்திரன்கள் அனுப்பும் சமிக்ஞை, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு காலத்தில் நம் கையிலுள்ள கடிகாரத்தை வந்து சேர்கிறது. குறைந்தது நான்கு சமிக்ஞைகளின் பிரயாண காலத்தை ஒப்பிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி அனுமானிக்கிறது. அமெரிக்க ராணுவம் பொதுஜன உபயோகத்துக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிசகை 2000-ஆம் வருஷம் மே மாதத்தில் நீக்கிய பிறகே இது கோல்ஃப் மைதானத்துக்கு உதவக்கூடியதாயிற்று. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தவறலாம் என்றிருந்தது, திறந்த வெளியில் சில மீட்டராகச் சுருங்கிவிட்டது. நிற்குமிடம் தெரிந்ததும், தன்னுள் அடக்கியிருக்கும் மைதானத்தின் படத்தோடு ஒத்துப்பார்த்து, கிரீனின் முன்விளிம்பு, மத்தி, பின்விளிம்பு என்ற மூன்று தூரங்களை அது சொல்கிறது. கொடி இன்று எந்த இடத்தில் நடப்பட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் அதற்குத் தெரியாது. மேட்டுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் குளமும் மணற்பள்ளமும் தெரியும். பழக்கமில்லாத மைதானத்தில் அதுவே பெரிய உபகாரம்.

ஆனால் படம் பிழையாக இருந்தால்? இந்தக் கேள்வியை ஹோர்சன்ஸில் நின்று கேட்கும்போது மனம் கனக்கிறது. 1681-இல் இந்நகரத்தில் பிறந்து, ரஷ்யக் கடற்படையில் சேவை செய்த விட்டுஸ் பேரிங், 1741-ஆம் வருஷக் கோடையில் ‘புனித பீட்டர்’ என்ற கப்பலில் காம்சட்காவிலிருந்து அமெரிக்காவைத் தேடிப் புறப்பட்டபோது, பிரெஞ்சு வானநூலார் டெலீல் வரைந்த படத்தில் ‘காமாவின் நாடு’ என்றொரு தேசம் குறிக்கப்பட்டிருந்தது. அப்படியொரு நாடு உலகத்தில் இல்லை. இல்லாத நாட்டைத் தேடித் தென்கிழக்கே அலைந்ததில் அருமையான நாட்கள் வீணாயின. அலாஸ்காவின் பனிமலைகளைக் கண்டு திரும்புவதற்குள் பருவம் மாறிப் புயலும் ஸ்கர்வி நோயும் சூழ்ந்துகொண்டன. பெயரில்லாத ஒரு தீவில் ஒதுங்கி, அங்கேயே டிசம்பர் மாதத்தில் பேரிங் உயிர் நீத்தார். அந்தத் தீவுக்கும் கடலுக்கும் ஜலசந்திக்கும் இன்று அவர் பெயர். அவருடைய கப்பலின் பீரங்கிகள் இரண்டு இந்நகரத்தில் அவர் பெயரால் அமைந்த பூங்காவில் இருக்கின்றன; அவற்றைக் கடக்கும்போதெல்லாம், அந்த மாலுமிகள் தங்கள் கண்ணை விடப் படத்தை அதிகம் நம்பும்படி நேர்ந்ததை எண்ணாமல் இருக்க என்னால் முடிவதில்லை. கோல்ஃப் மைதானத்தில் யாரும் உயிரிழப்பதில்லை என்பது வாஸ்தவந்தான். எனினும் கிளப்புகள் கிரீன்களை இடித்துக் கட்டுகின்றன, மணற்பள்ளங்களை இடம் மாற்றுகின்றன. கருவியை வாங்குகிறவர், அதன் படம் எப்போது திருத்தப்படுகிறது, அதற்கு வருஷந்தோறும் சந்தா உண்டா என்று விசாரித்தறிந்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போட்டிக்குழு அனுமதித்தால்தான் தூரமானி செல்லும் என்றிருந்த நிலைமை 2019-இல் மாறி, குழு தடுத்தாலொழிய செல்லும் என்றாகிவிட்டது. 2021-இல் கியாவா தீவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் உலகப் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர்களே அதை உபயோகித்தார்கள். ஆனால் மேடுபள்ளத்தைக் கணக்கிட்டுத் தூரத்தைத் திருத்திச் சொல்லும் வசதியைப் போட்டியில் உபயோகிக்கக் கூடாது. முதல் தடவை தண்டனை அடிகள், இரண்டாம் தடவை நீக்கம். நாட்டின் சிகரமே 171 மீட்டரைத் தொடாத தேசத்தில் அந்த வசதிக்காக மாத்திரம் கூடுதல் விலை கொடுக்க நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

சொந்த அனுபவம் ஒன்று. முதல் முதலாக நான் இரவல் வாங்கிய கருவி, குளத்துக்கு முன்னாலிருந்த கிரீனை 150 என்று காட்டியது. 150 மீட்டருக்குரிய மட்டையை எடுத்து, அந்தப் பருவத்திலேயே சிறந்ததென்று சொல்லத்தக்க ஓர் அடி அடித்தேன். பந்து கொடிக்கு மேலாகப் பறந்து அப்பாலிருந்த குளத்தில் விழுந்தது. கருவி கஜத்தில் கணக்கிட்டுக்கொண்டிருந்தது என்பதை அப்புறந்தான் கவனித்தேன். 150 கஜம் என்பது 137 மீட்டர். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கஜக் கணக்கில் பழகிவிட்டு ஐரோப்பாவுக்கு வருகிறவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகையால் அந்த இளைஞருக்கு நான் சொன்னது இது. புதிதாக ஆடுகிறவருடைய பந்து, ஒரே மட்டையால் அடித்தும், இருபது முப்பது மீட்டர் வித்தியாசத்தில் விழுவது சகஜம். அந்த நிலைமையில் கொடி 131 மீட்டரா 134 மீட்டரா என்று அறிவதால் விளையும் லாபம் சொற்பம். எனவே முதலில், காசு செலவில்லாத கைபேசிச் செயலியையும், மைதானத்திலேயே நட்டிருக்கும் 100, 150 மீட்டர்க் குறிகளையும் கொண்டு ஆடட்டும். வாரத்தில் ஒரு மாலை பயிற்சிக் களத்தில் ஒவ்வொரு மட்டையாலும் இருபது பந்து அடித்து, மிக நல்ல அடியை அல்ல, சாதாரண அடியின் தூரத்தை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளட்டும். எழுதிய எண்கள் வாரத்துக்கு வாரம் நிலைத்து நிற்கத் தொடங்கினால் அப்போது வாங்கட்டும். பல ஊர் மைதானங்களுக்குப் போகிறவராயிருந்தால் ஜிபிஎஸ் கடிகாரம். ஒரே மைதானத்தில் ஆடி அதன் மறைவுகளையெல்லாம் அறிந்தவராயிருந்தால் லேசர். பார்வை மங்கிய முதியவர்களுக்கு மாத்திரம் இந்த ஒழுங்கு பொருந்தாது. அவர்கள் காத்திராமல் கடிகாரத்தை இன்றே வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், ஏனெனில் தூரத்தை ஊகிக்க முடியாத சங்கடம் ஆட்டத்தின் ஆனந்தத்தையே கெடுத்துவிடும்.

அவர் மே மாதத்தில் அட்டையை எழுத ஆரம்பித்தார். ஆகஸ்டில், கிளப்பு அங்கத்தினர் ஒருவர் விற்ற பழைய லேசர் கருவியைப் பாதி விலைக்கு வாங்கினார். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சேர்ந்து ஆடினோம். மேற்கேயிருந்து யூட்லாந்து முழுவதையும் கடந்து வந்த காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கருவியை எடுத்துக் கொடியைப் பார்த்தார். “நூற்று முப்பத்தொன்று” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து, ஓரம் கிழிந்துபோன அந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். கொடி எவ்வளவு வேகமாகப் படபடக்கிறது என்று சிறிது நேரம் நின்று கவனித்தார். செவன் அயர்னைத் தொட்ட கையை எடுத்துவிட்டு, அதைவிடத் தூரம் அனுப்பும் சிக்ஸ் அயர்னை உருவினார்.