கத்தரிக்கோலுக்குத் தப்பிய கதை

1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களுக்கென்றே தொகுத்தது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு; மோசே தன் மக்களை எகிப்திலிருந்து மீட்டு அழைத்துப்போன யாத்திராகமக் கதை கிடையாது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் நிருபப் பகுதி உண்டு. அடிமைக்கும் சுயாதீனனுக்கும் பேதமில்லை என்னும் கலாத்தியர் வசனம் கிடையாது. கத்தரிக்கோல் பிடித்தவர்களுக்கு யாத்திராகமத்தின் வீரியம் நன்றாகவே தெரிந்திருக்கிறது!

ஆனாலும் கதை தப்பிவிட்டது. ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமை வேதத்தைத் தானே வாசித்தார். பாப்டிஸ்ட் சபையில் டீக்கன் அவர். 'கூலி தந்தால்தான் இனி வேலை' என்று 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் திட்டமிட்ட வேலைநிறுத்தம் பெருங்கலகமாக வெடித்தது. சுமார் 60,000 பேர் திரண்டார்கள். 1832 மே 23 அன்று மான்டிகோ பே நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது.

அதே மான்டிகோ பேயில் 1961-ல் பிறந்தவர் ரோஸ் ஹட்சன்-வில்கின். பல நாட்டவர் குடியேறிய கிழக்கு லண்டனின் ஹாக்னியில் 1998 முதல் பதினாறு ஆண்டுகள் சபை நடத்தினார். 2010-ல் பிரிட்டிஷ் மக்களவை சபாநாயகரின் குருவானவர் ஆனார். 2019-ல் டோவர் பிஷப். இங்கிலாந்து திருச்சபையில் பிஷப்பான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். இந்த இடத்துக்கு வருவதற்குள் அந்தத் திருச்சபை நிறையக் கடன்பட்டிருந்தது. 1948-ல் 'விண்ட்ரஷ்' கப்பலில் கரீபியத்திலிருந்து வந்தவர்களும், பின்னால் வந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆசையோடு கோயிலுக்குப் போனால், பல இடங்களில் முகம் கொடுக்க ஆளில்லை. சில இடங்களில் வராதீர்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்கத் திருச்சபை மன்றம் தீர்மானம் போட்டது 2020-ல்!

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. புலியையே ஏய்க்கும் அனான்சி என்ற சிலந்தியின் கதைகள் அவர்களிடம் இருந்தன. கானாவின் அக்கான் மக்களிடமிருந்து அடிமைக் கப்பலேறிக் கரீபியத்துக்குப் போன கதைகள் அவை. ஜமைக்காவில் இழவு வீட்டில் ஒன்பதாம் இரவு வரை இவற்றைச் சொல்வார்கள். பகலில் சொல்வது ஆகாது. கிழக்குக் கரீபியத் தீவுகளில் கதைசொல்லி "கிரிக்?" என்றால் கூட்டம் "கிராக்!" என்று பதில் கொடுத்தாக வேண்டும். கறுப்பினப் போதகரின் பிரசங்கத்திலும் இந்தக் கேள்வி-பதில் தாளம் கேட்கும். சும்மா உட்கார்ந்து கேட்க அங்கே யாருக்கும் அனுமதியில்லை.

ஆண்டுக்கொரு ஞாயிறு கொடி கட்டி, பல நாட்டுச் சாப்பாடு போட்டு 'பல்பண்பாட்டு ஊழியம்' முடிந்தது என்று கைகழுவும் சபைகள் உண்டு. மற்ற ஞாயிறுகளில் யாருடைய வாழ்க்கை பிரசங்கத்தில் வருகிறது என்பதல்லவா கேள்வி?

இந்தக் கேள்வி இறையியலிலும் எழுந்தது. அமெரிக்காவில் இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1969-ல் எழுதிய நூல் கறுப்பின இறையியலுக்கு அடித்தளம் போட்டது. ஜமைக்கப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ஆன்டனி ரெட்டி அதைப் படித்ததோடு நிற்கவில்லை. கரீபியத்திலிருந்து வந்த முதியவர்களின் வாய்மொழி அனுபவங்களையே இறையியலுக்கு மூலமாக்கி 2001-ல் ஒரு நூல் எழுதினார். பிறகு சிறு நாடகங்களை எழுதி, சபை மக்களையே அவற்றில் பாத்திரமேற்கச் செய்தார். முதலில் நடிக்க வேண்டும். அதன் பிறகுதான் விவாதம். பேராசிரியரின் விளக்கவுரை அதற்கும் அப்புறம்தான்.