உளுத்த மரத்தையும் இறுக்கலாம்: வீட்டிலேயே கருவி அமைக்கும் முறை

தோட்டத்தில் ஒரு மாமரம் காற்றுக்குச் சாய்ந்தால் நாம என்ன செய்கிறோம்? அடிமரம் அறுவை மில்லுக்குப் போகும், கிளை விறகுக்குப் போகும். ஒரு மழைக்காலம் தரையில் கிடந்து பூசணம் ஏறிய துண்டுகளை விறகுக்காரர்கூட திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் அந்தத் துண்டைக் குறுக்கே அறுத்துப் பாருங்க. உள்ளே பூசணம் போட்ட கறுப்புக் கோடுகள் ஓவியம் மாதிரி இருக்கும். கத்திப் பிடி, அரிவாள் பிடி, பேனா என்று செய்தால் விறகு விலையோடு ஒப்பிடவே முடியாத விலைக்குப் போகும். ஒரே குறை, மரம் பஞ்சாகிப் போயிருக்கும். உளி வைத்தால் பொடிந்து கொட்டும்.

இந்தப் பஞ்சு மரத்தின் துளைகளில் இருக்கும் காற்றை வெளியே எடுத்து, அந்த இடத்தில் ரெசின் என்னும் செயற்கைப் பிசினை ஏற்றி, சூட்டில் கெட்டியாக்குவதுதான் மரத்தை இறுக்கும் முறை. கத்திப் பிடிகளுக்காக நான் இதை என் தோட்டத்துக் கொட்டகையில் அமைத்து வைத்திருக்கிறேன். அமைக்க நினைக்கிற நண்பர்களுக்காக, எது அவசியம், எங்கே ஆபத்து என்பதை எழுதுகிறேன்.

நமக்கு இது எதுக்கு?

இயற்கை விவசாயி கையில் ரெசின் எதுக்குன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா மரத்துக்கும் இது தேவையில்லை. வைரம் பாய்ந்த கருவேல், புளி, கருங்காலி போன்றவற்றில் ரெசின் சரியாக ஏறவே ஏறாது. ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. மண்வெட்டிக் காம்புக்கும் ஏர்க்காலுக்கும் நல்ல மரத்தைத் தேர்ந்து, எண்ணெய் பூசினாலே போதும். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரங்களில் ரெசின் சரியாக இறுகாது. அகப்பை, கரண்டி, மாட்டுத் தொட்டி என்று சாப்பாடும் தீவனமும் படுகிற எதற்கும் இதை நான் பயன்படுத்துவதில்லை.

மா, அத்தி, இலவம் போன்ற மென்மரங்கள், பூவரசு, வேம்பு ஆகியவற்றின் உளுத்த முடிச்சுகள், பூசணம் கோடு போட்ட துண்டுகள், இவைதான் இந்த வேலைக்கு ஏற்றவை. வீணாகப் போகிற மரத்தை மட்டும் எடுப்பது, ரெசின் ஒரு சொட்டும் மண்ணுக்குப் போகாமல் பார்ப்பது. இந்த இரண்டு எல்லைக்குள் நின்றால்தான் இது நமக்குப் பொருந்தும்.

கலம்

முதல் தேவை, உள்ளே காற்றில்லாமல் ஆக்கினாலும் நசுங்காத கலம். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 1 கிலோ பாரமாக அழுத்துகிறது. இருபுறமும் காற்று இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. 20 செ.மீ. விட்டமுள்ள கலத்தின் காற்றை எடுத்தால், அதன் மூடி மேல் 300 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். 50 கிலோ மூட்டை ஆறை அடுக்கிய மாதிரி. அதனால் ஊறுகாய் ஜாடி, கண்ணாடி பாட்டில், மெல்லிய எவர்சில்வர் பானை எதுவும் ஆகாது. கண்ணாடி உள்வாங்கி உடைந்தால் சில்லு முகத்துக்குத்தான் வரும்.

நான் சொல்வது லேத் பட்டறையில் செய்துகொள்ளும் கலம். 6 மி.மீ. தடிப்புள்ள 8 அங்குல இரும்புக் குழாயை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, அடியில் 10 மி.மீ. தகடு வைத்து ஓட்டையில்லாமல் வெல்டிங் செய்யச் சொல்லுங்க. மேல் விளிம்பில் ஒரு வளையத் தகடு வைத்து, லேத்தில் மட்டமாகக் கடையச் சொல்லுங்க. அதன் மேல் சிலிக்கான் ஷீட்டில் வெட்டிய வளையம், அதற்கு மேல் 20 மி.மீ. தடிப்புள்ள அக்ரிலிக் மூடி. போல்ட் தேவையில்லை, காற்றே மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியில் துளை போட வேண்டாம், பலம் குறையும். குழாயின் பக்கவாட்டில் மேற்புறமாக மூன்று சிறிய இணைப்புகள் வைத்தால் போதும். பம்புக்கு ஒன்று, காற்றை உள்ளே விட ஒன்று, வேக்குவம் மீட்டருக்கு ஒன்று. முதல் இரண்டுக்கும் பால் வால்வு வேணும்.

அக்ரிலிக்கை தின்னர், ஸ்பிரிட் கொண்டு துடைக்காதீங்க, வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர் போதும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மூடியை மாற்றிவிட வேண்டும்.

ரெசினை நேராக இரும்புக் கலத்தில் ஊற்றக் கூடாது. உள்ளே ஒரு ஒடுக்கமான எவர்சில்வர் டப்பாவில் மரத்தையும் ரெசினையும் வைக்கணும். ரெசினும் குறைவாகச் செலவாகும்.

பம்பு

ஏ.சி. மெக்கானிக்குகள் கேஸ் ஏற்றும் முன் பயன்படுத்தும் எண்ணெய் வேக்குவம் பம்பு இதற்குப் போதும். கால் குதிரைத்திறன் பம்பு 8 மணி நேரம் ஓடினால் 2 யூனிட்டுக்குள் வரும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை மாற்றி மாட்டலாம் என்பார்கள். அது திரும்பி வரும் குளிர்ந்த வாயுவால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. பல மணி நேரம் வெறுமனே ஓட்டினால் சூடேறிக் கெடும்.

கலத்துக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சிறிய பொறிக்கலம் வையுங்க. நுரைத்துப் பொங்கும் ரெசின் பம்புக்குள் போகாமல் இது தடுக்கும். கலத்தைப் போலவே இதுவும் கெட்டியானதாக இருக்கணும். பம்பின் புகைபோக்கியில் எண்ணெய்ப் புகை வரும், அதனால் காற்றோட்டமான கொட்டகையில்தான் ஓட்டணும்.

எல்லாம் மாட்டியதும் ரெசின் இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்க. முள் நன்றாக இறங்கியதும் வால்வை மூடி, பம்பை நிறுத்துங்க. ஒரு மணி நேரம் முள் நகராமல் நின்றால் கலம் தேறியது. கடல் மட்டத்தில் மீட்டர் 760 மி.மீ. பாதரச அளவை நெருங்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 25 மி.மீ. குறையும். ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் முள் 760 வரவில்லை என்று பம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

காய்ச்சல்தான் முக்கியம்

இந்த வேலையில் பாதி வெற்றி மரம் காய்வதில்தான் இருக்கு. துளையில் தண்ணீர் இருந்தால் ரெசினுக்கு இடம் ஏது? ஈரம் பம்பின் எண்ணெயிலும் கலந்து, அதைப் பால் மாதிரி வெளுக்கச் செய்யும். அப்படி ஆனால் எண்ணெயை மாற்றணும்.

மரத்தை வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அறுத்து, நிழலில் சில மாதம் அடுக்கி வையுங்க. பிறகு ஓ.டி.ஜி. அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் வைக்கணும். உள்ளே இருக்கும் புழுவும் முட்டையும் இந்தச் சூட்டிலேயே செத்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒரு தரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்க. எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். 230 கிராம் துண்டு 200 கிராமில் நின்றால், அதில் 15 சதவீதம் ஈரம் இருந்திருக்கிறது. எடுத்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஆற விடணும். வெளியே வைத்தால் ஈரத்தை மறுபடி குடிக்கும். சூட்டோடு ரெசினில் போட்டால் ரெசின் அப்போதே இறுகத் தொடங்கும்.

ரெசின் ஏற்றுதல்

இதற்கு வேண்டியது சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் வகை ரெசின், தண்ணீர் போல நீர்த்திருக்கும். ஃபைபர் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் வேக்குவத்தில் கொதித்து நுரைக்கும். எபாக்ஸி கெட்டியாக இருப்பதால் உள்ளே போகாது, டப்பாவிலேயே இறுகியும் விடும்.

மரம் மிதக்கும், அதனால் மேலே ஒரு எவர்சில்வர் பாரம் வைத்து முழுக அமுக்குங்க. மரத்துக்கு மேல் நாலு விரற்கடை ரெசின் நிற்கட்டும். வால்வை மெல்லத் திறந்து காற்றை எடுங்க. முதலில் பொங்கும்; அடங்க அடங்க முழு வேகத்துக்குப் போகலாம். குமிழி வருவது நிற்கும் வரை பம்பு ஓடணும். சில துண்டுக்கு நாலைந்து மணி நேரம், சில துண்டுக்கு ஒரு நாளே ஆகும்.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. வேக்குவம் ஓடும்போது ரெசின் உள்ளே போவதில்லை, காற்றுதான் வெளியே வருகிறது. பம்பு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, காற்று வால்வைத் திறக்கும்போதுதான் வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினை மரத்துக்குள் தள்ளும். அதனால் பம்பு ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரமாவது மரம் ரெசினிலேயே ஊறட்டும். பாரத்தை எடுத்தால் மரம் மிதக்காமல் முழுகணும். நல்ல பஞ்சு மரம் தன் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் ரெசினைக் குடிக்கும்.

வடிய விட்டு, ஒவ்வொரு துண்டையும் அலுமினியத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, 90 முதல் 95 டிகிரியில் அடுப்பில் வையுங்க. துண்டின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டை எட்டணும். பேனா அளவுத் துண்டுக்கு இரண்டு மணி நேரம், தடித்த பிடிகளுக்கு இன்னும் கூடுதலாகும். ரெசின் டப்பாவில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்க. அடுப்பின் திருகுக் குமிழை நம்பாமல் ஒரு வெப்பமானி வைப்பது நல்லது. இந்த அடுப்பில் பிறகு எந்தக் காலத்திலும் சாப்பாடு சமைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் வைக்க வேண்டாம், வாடை அப்படி.

உடம்பும் மண்ணும்

இறுகாத ரெசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு விடாது. நைட்ரைல் கையுறை போடுங்க, கண்ணாடி அணியுங்க. இறுகிய மரத்தை இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம் வேணும்.

கிரியா ஊக்கி கலந்த ரெசினைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்க, நம்ம ஊர் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. மீந்ததை மொத்தமாகச் சூடாக்கினால் தானே கொதித்துப் புகையும். அலுமினியத் தட்டில் மெல்லியதாக ஊற்றி அடுப்பில் இறுக்கி, திடக்கழிவோடு சேருங்க. இறுகாத ரெசினும் பம்பின் கழிவு எண்ணெயும் வாய்க்காலுக்கோ சாக்கடைக்கோ போகக் கூடாது. இறுகிய மரத்தின் சீவலும் தூளும் பார்க்க மரத்தூள் மாதிரியே இருக்கும். அதை எருக்குழியிலும் மூடாக்கிலும் சேர்த்தால் அந்தப் பிளாஸ்டிக் துகளை மண்ணிலிருந்து திரும்பப் பொறுக்கவே முடியாது. அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். நான் பட்டறையில் இரண்டு கோணி வைத்திருக்கிறேன். ஒன்று வெறும் மரத்தூளுக்கு, அது மாட்டுக் கொட்டிலுக்குப் போகும். சிவப்புத் துணி கட்டிய மற்றொன்று ரெசின் தூளுக்கு, அது எந்தக் காரணத்துக்கும் வயலுக்குள் வராது.

இந்தக் கருவி தினமும் ஓடுகிற சாமான் இல்லை. மாதத்தில் நாலைந்து நாள் ஓடினாலே அதிகம். அதனால் ஆளுக்கொன்று வாங்காமல், ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒன்று அமைத்து, கொல்லரையும் தச்சரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. கத்தி அவர் அடிப்பார், பிடி நம் தோட்டத்திலிருந்து போகும். முதலில் மரத்தைச் சேருங்க. அடுத்த காற்றில் விழும் கிளைகளை அறுத்து, தேதி எழுதி, நிழலில் அடுக்கி வையுங்க. அது காய்ந்து முடிவதற்குள் கலமும் பம்பும் தயாராகிவிடும்.