சிக்கனமா, கஞ்சத்தனமா? குணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஒரு ஆளின் குணத்தைச் சொல்ல மொத்தம் எத்தனை வார்த்தைகள் இருக்கும்? நூறு? ஐந்நூறு? 1936-ல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெப்ஸ்டர் பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணியே விட்டார்கள். 17,953.

எண்ணியதோடு விடாமல் நாலு பத்தியாகவும் பிரித்தார்கள். நம்ம எக்செல் ஷீட் மாதிரிதான். முதல் பத்தியில் நிலையான குணங்கள், 4,504. இரண்டாவதில் வந்து போகிற மனநிலைகள், 4,541. மூன்றாவதில், ஆளை விவரிப்பதைவிட ஆளுக்குத் தீர்ப்பு எழுதுகிற சொற்கள் (உருப்படி, உதவாக்கரை, எரிச்சல் பிடித்தவன் வகையறா), 5,226. எதிலும் ஒட்டாத மிச்சம் 3,682 கடைசிப் பத்தியில்.

கவனிச்சீங்களா, நாலில் பெரிசு அந்த மூன்றாவது பத்திதான். உளவியலாளர்களுக்கு அது வேண்டாத சரக்கு. ரேமண்ட் கேட்டல் 1940-களில் முதல் பத்தியிலிருந்துதான் ஆரம்பித்தார். வடிகட்டி 171, அதையும் சுருக்கி 35. அந்த வழியில் வந்ததுதான் இன்று ஹெச்.ஆர். ஆட்கள் பேசுகிற 'பிக் ஃபைவ்'. அளக்கிறவனுக்குத் தீர்ப்பு இடைஞ்சல், அதனால் ஒதுக்கினார்கள், நியாயம்தான். ஆனால் மொழி கத்துக்கிற நாம் அதை ஒதுக்க முடியாது. அது மட்டுமில்லை, 'நடுநிலை' என்று முதல் பத்தியில் போட்ட சொற்களிலும் கொஞ்சம் தீர்ப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இதை நம்மில் பலபேருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் வயசுக்காரர்கள் பலர் இந்த வார்த்தைகளைக் கற்றது இரண்டு இடத்தில். ஒன்று நார்மன் லூயிஸின் 'வேர்டு பவர் மேட் ஈஸி'. 1949-ல் வந்த புத்தகம், இன்னமும் நம்மூர் பிளாட்பாரக் கடைகளில் கிடைக்கிறது. அதில் சொற்களைச் சொல்லித்தரும் முதல் அத்தியாயமே மனித குணங்கள் பற்றியதுதான். இன்னொன்று ஜி.ஆர்.இ. பட்டியல்கள். லூயிஸ் பரவாயில்லை, கதை மாதிரி சொல்லுவார். பட்டியல்கள்தான் மோசம். கேருலஸ் என்றால் அதிகம் பேசுபவர். லொக்வேஷஸ் என்றாலும் அதிகம் பேசுபவர். அப்போ ரெண்டும் ஒண்ணு! இப்படியே மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துடுவோம்.

ஒன்றில்லை. லொக்வேஷஸ் ஆளுக்குப் பேச வரும், பேசப் பிடிக்கும். பக்கத்தில் உட்காரலாம். கேருலஸ் ஆள், ரயிலில் நமக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து அரக்கோணம் தாண்டுவதற்குள் தன் சொத்துத் தகராறு முழுக்கச் சொல்லி முடிப்பவர். அதேபோல் குறைவாகப் பேசுபவர்கள். டேசிடர்ன் என்பது சுபாவம், அந்த ஆளே அப்படித்தான், கொஞ்சம் சிடுமூஞ்சி வாடையும் அடிக்கும். ரெட்டிசன்ட் ஆளுக்குப் பேச வரும், ஆனால் தன்னைப் பற்றியோ ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றியோ வாயைத் திறக்க மாட்டார். லக்கானிக் என்பது பெரும்பாலும் பாராட்டு: நாலே வார்த்தை, ஆனால் நறுக்கு. ஸ்பார்ட்டா இருந்த பகுதியின் பெயர் லக்கோனியா. அந்த ஊர்க்காரர்கள் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாகப் பேசுவதில் பேர் போனவர்கள். நம் ஊரில் மூன்று பேரையுமே 'ரிசர்வ்ட் டைப்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-ல் பி.பி.சி. வானொலியில் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக் காட்டினார். ஒரே குணம்தான். 'நான்' என்று வரும்போது ஒரு சொல், 'நீ' என்றால் வேறு சொல், இங்கே இல்லாத 'அவன்' என்றால் இன்னும் கேவலமான சொல். வினைச்சொல்லை வாய்பாடாகச் சொல்கிற மாதிரி. அவர் எடுத்துக்காட்டை விடுங்கள், நம் சரக்கிலேயே வரும்: நான் சிக்கனம். நீங்க கொஞ்சம் கை இறுக்கம். அவன் கஞ்சப் பிசினாரி. இதையே ஆங்கிலத்தில் ஃப்ரூகல், டைட்-ஃபிஸ்டட், மைசர்லி என்று வரிசையாக வைக்கலாம். பார்சிமோனியஸ் என்று ஒன்று இருக்கிறது, ஜி.ஆர்.இ. பட்டியல்களின் செல்லப்பிள்ளை. நீளமாக இருப்பதால் ஏதோ மரியாதையான சொல் என்று தோன்றும். கிடையாது, அதுவும் திட்டுதான், கோட்டு சூட்டு போட்ட திட்டு.

பொருளை ஞாபகம் வைக்க வேர்ச்சொல் நன்றாகவே உதவும், அதிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பழைய கிரேக்க வைத்தியத்தில் உடம்பில் நாலு திரவம் என்று கணக்கு. ரத்தம் மிஞ்சினால் சாங்வின், நம்பிக்கையும் உற்சாகமுமான ஆள். கபம் மிஞ்சினால் ஃப்ளெக்மாட்டிக், இடியே விழுந்தாலும் அலட்டிக்கொள்ளாதவர். மஞ்சள் பித்தம் என்றால் காலரிக், மூக்கு நுனியில் கோபம். கரும்பித்தம் என்றால் மெலங்காலிக், சோகமூஞ்சி. வாதம், பித்தம், கபம் என்று பாட்டி சொல்லிக் கேட்ட நமக்கு இது ஒரு நாளில் பதிந்துவிடும். அவர்களுக்கு நாலு, நமக்கு மூணு, அவ்வளவுதான்.

கிரகங்கள் இன்னும் சுலபம். ஜோவியல் என்பது ஜோவ், அதாவது ஜூபிடர், நம்ம குரு பகவான். மெர்க்யூரியல் என்றால் புதன், இப்போ ஒரு மாதிரி, அஞ்சு நிமிஷத்தில் வேற மாதிரி. சாட்டர்னைன் என்றால் சனி: இருண்ட முகம், மெதுவான நடை. நம் ஜோதிடத்திலும் சனிக்கு மந்தன் என்று பெயர் உண்டு.

ஆனால் வேர்ச்சொல் பொருளுக்குத்தான் கை கொடுக்கும், தீர்ப்பில் காலை வாரிவிடும். என் டீமில் ஒரு பையன், நல்ல புத்திசாலி, தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். அப்ரைசல் சமயத்தில் சக ஊழியர்களைப் பற்றிக் கருத்து எழுதச் சொல்வார்கள். பதவி உயர்வுக்குக் காத்திருந்த ஒரு சீனியர் பெண்ணைப் பற்றி 'வெரி அஃபிஷஸ்' என்று எழுதிவிட்டான். அவன் மனசில் இருந்தது: வேலையில் கறார், எல்லாம் முறைப்படி. படித்த அமெரிக்க மேனேஜருக்குப் புரிந்தது: அடுத்தவர் வேலையில் எல்லாம் மூக்கை நுழைத்து அதிகாரம் பண்ணுகிறவர். ரேட்டிங் மீட்டிங்கில் கேட்கிறார், இவர் மேல் ஏதாவது புகார் உண்டா என்று. நான் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆஃபீஸ்லேர்ந்து வந்த வார்த்தைதானேண்ணா?" என்றான்.

வேரைப் பிடித்த வரைக்கும் அவன் சொன்னது சரி. லத்தீனில் அஃபிசியம் என்றால் கடமை. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'உதவ முன்வருகிறவர்' என்ற நல்ல பொருள்கூட இருந்தது. கேட்காமலே உதவ வருகிறவர்கள் மீது எரிச்சல் வந்து வந்து, சொல்லே கசந்துபோயிற்று. அதே கூட்டத்தில் அந்த வரியைத் திருத்தி 'கான்ஷியன்ஷஸ்' என்று போட்டோம், மேனேஜரும் சரி என்றார். அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு வார்த்தையால் அவருக்கு ஒரு வருஷம் போயிருக்கும்.

தெரிந்தே எழுதினாலும் தீர்ப்பு சமமாக விழுவதில்லை. 2014-ல் கீரன் ஸ்னைடர் என்பவர் டெக் கம்பெனிகளின் 248 அப்ரைசல்களைச் சேகரித்துப் பார்த்து ஃபார்ச்சூன் இதழில் எழுதினார். அப்ரேசிவ் என்ற சொல், உப்புத்தாள் மாதிரி உரசுகிற ஆள் என்று பொருள், பெண்களின் அப்ரைசல்களில் 17 தடவை வந்திருக்கிறது. ஆண்களுடையதில் ஒரு தடவைகூட இல்லை. ஆண்கள் யாரும் உரசுவதே இல்லை போல!

நம் ஊர் ஆங்கிலத்துக்கென்று தனிக் கண்ணிவெடிகள் உண்டு. கல்யாண விளம்பரத்தில் 'ஹோம்லி' என்றால் குடும்பப் பாங்கான பெண். அமெரிக்கரிடம் அதையே சொன்னால் பார்க்க லட்சணம் இல்லாதவள் என்று அர்த்தம். 'ஹி இஸ் எ வெரி சிம்பிள் பர்சன்' என்று பெரிய மனிதர்களைப் புகழ்கிறோம். வெளியூர்க் காதில் அது 'மண்டையில் ஒன்றும் இல்லை' என்றும் விழலாம். பந்தா இல்லாதவர் என்று சொல்ல அன்அஸ்யூமிங் இருக்கிறது. 'இன்னசென்ட்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் வெள்ளந்தி. அதற்குப் பாராட்டாகச் சொல்ல கைல்லெஸ், குறையாகச் சொல்ல நயீவ். 'ஃப்ராங்க்' ஆளையும் இப்படியே பிரிக்கலாம்: கேன்டிட் என்றால் பாராட்டு, ப்ளன்ட் என்றால் பாதிப் புகார், டாக்ட்லெஸ் என்றால் முழுப் புகார்.

நான் செய்வது இதுதான். அகர வரிசையில் படிப்பதில்லை. ஒரு ஷீட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நடத்தை: பணத்தை வெளியே எடுக்காதவர், சொன்னதை மாற்றிக்கொள்ளாதவர், சட்டென்று நம்புகிறவர். அந்த வரிசையில் நாலைந்து சொற்களைப் பாராட்டிலிருந்து திட்டு வரை அடுக்குவேன். பக்கத்தில் ஒரு கேள்வி: இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? டெனேஷஸ் என்று சொல்லிவிட்டு அவரோடு டீ குடிக்கப் போகலாம். ஆப்ஸ்டினேட் என்று சொன்னால் டீயை நாம் தனியாகத்தான் குடிக்கணும்.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. கற்பவர்களுக்கென்றே செய்தது என்பதால், பல சொற்களின் பக்கத்தில் 'அப்ரூவிங்', 'டிஸ்அப்ரூவிங்' என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். பெரிய அகராதிகளைவிட நமக்கு இது உபயோகம். அடுத்து, அந்தச் சொல்லுக்கு முன்னால் எது வந்து உட்காருகிறது என்று பார்ப்பது. கோக்கா என்கிற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் நூறு கோடிச் சொற்களுக்கு மேல் இருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். கேன்டிடுக்கு முன்னால் 'ரிஃப்ரெஷ்ஷிங்லி' வரும், லாயலுக்கு முன்னால் 'ஃபியர்ஸ்லி', ஷைக்கு முன்னால் 'பெயின்ஃபுலி'. பொருள் சொல்லாத தீர்ப்பைப் பக்கத்து வீட்டுச் சொல் சொல்லிவிடும்.

என் ஷீட்டில் இப்போது அறுபது வரிசை ஆகிவிட்டது. தமிழிலிருந்து ஆரம்பித்த வரிசைகள்தான் மல்லுக்கட்டுகின்றன. வெள்ளந்திக்கு கைல்லெஸ் அழகாகப் பொருந்தியது. வீம்புக்கு ஆப்ஸ்டினேட் போட்டால் ரோஷம் விட்டுப்போகிறது. ப்ரவுட் போட்டால் பிடிவாதம் விட்டுப்போகிறது. ரிகால்சிட்ரன்ட், லத்தீனில் குதிகாலால் உதைப்பது, அருகில் வருகிறது, ஆனால் அது மேலே இருப்பவருக்கு அடங்காதது. பசிக்குது, ஆனாலும் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு அது சரிப்படாது. அந்த வரிசையில் இதுவரை ஆறு சொல் எழுதி ஆறையும் அடித்திருக்கிறேன்.