சாவி கொடுத்தவருக்கும் சிறை!

2006 ஆகஸ்ட் 25 இரவு. ஜப்பானின் ஃபுகுவோகா நகரில், கடல்மேல் பாலத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்தது. தடுப்பை உடைத்துக்கொண்டு குடும்பத்தின் கார் ஹகாடா விரிகுடாவில் விழுந்தது. தாயும் தந்தையும் பிழைத்தார்கள். நான்கு, மூன்று, ஒன்று என்ற வயதுகளில் இருந்த மூன்று குழந்தைகளையும் காப்பாற்ற முடியவில்லை. இடித்தவர் 22 வயது மாநகராட்சி ஊழியர். போதையை மறைக்க, நண்பரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார் அவர்.

நாடே கொதித்தது. 1999இல் டோமெய் நெடுஞ்சாலையில் இரண்டு சிறுமிகளைப் பலிகொண்ட போதை லாரி ஓட்டுநருக்குக் கிடைத்தது 4 ஆண்டு சிறைதான். அந்தப் பெற்றோர் வீதியில் நின்று லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டி, 2001இல் கடுமையான புதிய சட்டப்பிரிவையே கொண்டுவர வைத்திருந்தார்கள். மறு ஆண்டு, அனுமதிக்கப்படும் மது அளவும் குறைக்கப்பட்டது. அதன் பிறகும் ஃபுகுவோகா!

2007 செப்டம்பரில் வந்த திருத்தம் குடிகாரரோடு நிற்கவில்லை. நிதானமிழந்து ஓட்டினால் 5 ஆண்டு வரை சிறை. குடித்தவர் என்று தெரிந்தே வண்டி கொடுத்தவருக்கும் அதே தண்டனை. ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் மது கொடுத்தவருக்கும், கொண்டுபோய் விடச் சொல்லி ஏறியவருக்கும் 3 ஆண்டு வரை.

இதில்தான் சூட்சுமம். நான்கு ரவுண்டு உள்ளே போனவருக்கு அபராதம் எவ்வளவு என்று யோசிக்கும் நிதானம் இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கு இருக்கும். கூட்டாளிகளில் ஒருவர் குடிக்காமலிருந்து மற்றவர்களை வீட்டில் விடும் பிரசாரம் அங்கே பரவியது. ‘டைகோ’ சேவையைக் கூப்பிட்டால் இரண்டு ஓட்டுநர்கள் வருவார்கள். ஒருவர் உங்கள் காரை ஓட்ட, மற்றவர் தங்கள் வண்டியில் பின்தொடர்வார்.

2000ஆம் ஆண்டில் ஜப்பானில் மதுபோதை ஓட்டுநர்களால் நேர்ந்த உயிர்ப்பலி விபத்துகள் 1,200க்கும் மேல். 2022இல் சுமார் 120. போலீஸ் சோதனையும் சேர்ந்து கொண்டுவந்த சரிவு இது.

நம் ஊரில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 10,000 ரூபாயானது. அதே மாதம், உடன் வருபவர்மீதும் வழக்கு பாயும் என்று சென்னைப் போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. சரியான அடி. ஆனால், சாவி கொடுத்த நண்பரையும், வாசலில் பைக் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஊற்றிக் கொடுக்கும் பாரையும் வழக்கில் சேர்க்கும் பழக்கம் இங்கே இன்னும் வரவில்லை. அடுத்த திருத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.