குரங்கைப் பிரிக்காமலே பரிசோதனை: பிரான்ஸ் ஆய்வகத்தின் வழி என்ன?

குரங்கின் அறிவைச் சோதிக்க ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வது இதுதான்: கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, தனி அறைக்குக் கொண்டுபோய், திரை முன்னால் உட்கார வைப்பது. ஆனால் குரங்கு கூட்டமாக வாழும் விலங்கு. தனியாகப் பிரித்தாலே பதற்றம் வந்துவிடும். அப்போது அளப்பது அதன் அறிவையா, பயத்தையா?

சரி, கூட்டத்தோடேயே விட்டுவிடலாம் என்றால், எந்தக் குரங்கு எந்தப் பதிலைச் சொன்னது என்று கணக்கு வைப்பது கஷ்டம்.

தெற்கு பிரான்ஸின் ரூசே ஊரில் உள்ள ஆய்வு நிலையத்தில் ழோயல் ஃபாகோ குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

கினி பபூன் குரங்குகள் அங்கே திறந்தவெளி அடைப்பில் கூட்டமாக வாழ்கின்றன. அதை ஒட்டித் தொடுதிரைக் கணினிகள், தொடக்கத்தில் 10. ஒன்றே ஒன்று இருந்தால் பலசாலிதானே பிடித்துக்கொள்ளும்!

ஒவ்வொரு குரங்கின் முன்கையிலும் தோலுக்கடியில் ஒரு சிப் உண்டு. துளை வழியாகக் கையை நீட்டியதும், வந்திருப்பது யார் என்று கணினிக்குத் தெரிந்துவிடும். விட்ட இடத்திலிருந்து சோதனை தொடரும். சரியாகத் தொட்டால் கோதுமை மணிகள் விழும். பிடித்தால் வரலாம், போதும் என்றால் எழுந்து போகலாம்.

என்ன தெரிந்தது?

2012-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், 6 பபூன்கள் நான்கெழுத்து ஆங்கிலச் சொற்களை வெறும் எழுத்துக் குவியலிலிருந்து பிரித்தறியக் கற்றன. டான் என்ற குரங்கு மட்டும் 308 சொற்களைக் கற்றது. பொருள் புரிந்து அல்ல. எழுத்துகள் சேரும் விதத்தைக் கவனித்து.

இவை தனிக் குரங்கின் திறமை. கூட்டத்தின் கதையும் அதே கணினிகளில் பதிவாகிறது. யார் யாருக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள் என்ற பதிவை வைத்தே, யாருக்கு யார் நெருக்கம் என்று கணிக்க முடியும் என 2017-ல் இதே குழுவினர் காட்டினார்கள்.

குரங்குக்கு என்ன லாபம்?

கணினிகள் கிடைத்தபோது, அடைபட்ட விலங்குகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமும், மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அளவும் குறைந்ததாக 2014 ஆய்வு சொல்கிறது.

எல்லாச் சோதனைக்கும் இது சரிப்படாது. ரத்தம் எடுக்கவோ, மருந்து கொடுத்துப் பார்க்கவோ பல நேரம் விலங்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். இங்கேயும் வேலி உண்டு. ஆனால் அந்த வேலிக்குள், சோதனைக்கு வருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது குரங்குதான்.