அடாப்டருக்கும் அஞ்சு பொருத்தம்!

எந்த வீட்டிலும் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு டிராயர் இருக்கும். இழுத்துப் பாருங்கள். பிரிக்கவே முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஏழெட்டு அடாப்டர்கள் கிடக்கும். இது செத்துப்போன மோடத்துடையது, அது சித்தப்பா விட்டுவிட்டுப் போன ஷேவருடையது, மூன்றாவது யாருடையது என்று யாருக்குமே தெரியாது. ஆனாலும் தூக்கிப் போட மனசு வராது. 'என்னிக்காவது உதவும்!'

அந்த 'என்னிக்காவது' ரொம்ப ஆபத்தான நாள், சார்!

எங்கள் செக்காலைப் பக்கம் அந்த நாள் கொஞ்சம் அடிக்கடி வரும். காரணம், இது காரைக்குடி. தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று இருப்பார்கள். லீவுக்கு வரும்போது தைலம், சாக்லேட்டோடு பையன்களுக்குக் கையடக்க வீடியோ கேம் ஒன்றும் வந்து இறங்கும். கேம் கருவி பத்து வருஷம் உழைக்கும். கூட வந்த அடாப்டர் அதற்கு முன்பே மண்டையைப் போட்டுவிடும்.

போன மாசம் எதிர்வீட்டு பி.காம். பையன் ஒரு பி.எஸ்.பி.யோடு வந்தான். ஜப்பானில் 2004 டிசம்பரில் சோனி வெளியிட்டு, 2014-ல் நிறுத்திவிட்ட கருவி. அண்ணன் விளையாடிவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தது. இன்னொரு கையில் டிராயரிலிருந்து உருவிய அடாப்டர்.

"அண்ணே, கச்சிதமா உள்ள போகுதுண்ணே. சுவிட்ச்சைப் போட்டுரவா?"

"இருடா தம்பி. ஜாதகம் பாத்தியா?"

அடாப்டர் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதுதான் அதன் ஜாதகம். படித்தோம். 9 வோல்ட் என்றது. பி.எஸ்.பி. கேட்பது 5 வோல்ட். சுவிட்ச்சைப் போட்டிருந்தால் உள்ளே ஃப்யூஸ் போயிருக்கலாம். நேரம் சரியில்லை என்றால் போர்டே போயிருக்கலாம்.

துளைக்குள் நுழைந்துவிட்டது என்பது வெறும் முகவெட்டு. மாப்பிள்ளை போட்டோவில் நன்றாக இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டால் கல்யாணம் என்ன ஆகும்? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். அடாப்டருக்கு அஞ்சு போதும்.

முதல் பொருத்தம், இன்புட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டரில் '100-240' என்று இருந்தால் உலகத்தில் எங்கே செருகினாலும் கவலையில்லை. '120' என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்க மாப்பிள்ளை. நம்ம ஊர் வெயில் தாங்காது, செருகினால் புகைதான். சிங்கப்பூர், மலேசியா சரக்கில் இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் நம்மைப் போலத்தான். பிளக் மட்டும் மூன்று பட்டை முள்ளாக இருக்கும். ஒரு முக்கியமான விஷயம்: கடையில் விற்கும் பிளக் கன்வெர்ட்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது!

இரண்டாவது, வோல்ட். இது ராசிப் பொருத்தம் மாதிரி. கருவி கேட்பதும் அடாப்டர் கொடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 என்றால் 5. 'சும்மா ஒரு வோல்ட்தானே' என்ற பேச்சே கூடாது. அந்தக் காலத்து 'பேட்டரி எலிமினேட்டர்' இருக்கிறதே, 3, 6, 9 என்று திருகி வைப்பது, அதை நம்பவே நம்பாதீர்கள். 6-ல் வைத்தாலும் சுமை குறைவாக இருந்தால் 8, 9 என்று எகிறுகிற ரகம் அதில் நிறைய.

மூன்றாவது, ஆம்பியர். பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். செட்டிநாட்டு விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது சாம்பாரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள் என்பது. உயரம் கூடினால் சட்டை பாழ். ஆம்பியர் என்பது வாளியில் எவ்வளவு சாம்பார் இருக்கிறது என்பது. வாளி பெரிசாக இருந்தால் நமக்கென்ன? இலைக்கு வேண்டியதைத்தான் வாங்கிக்கொள்கிறோம். ஆகவே ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முதல் பி.எஸ்.பி.யோடு வந்தது 2 ஆம்பியர், அதாவது 2000 மில்லி ஆம்பியர் அடாப்டர். 500 மில்லி ஆம்பியரைக் கொண்டுவந்து செருகினால் சின்ன வாளியை வைத்துக்கொண்டு பெரிய பந்தியைச் சமாளிக்கிற கதைதான். அடாப்டர் கொதிக்கும்.

நான்காவது, பிளஸ்-மைனஸ். வட்டமும் நடுவில் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் போட்டிருக்கும். பிளக்கின் நடுப்பகுதி பிளஸ்ஸா, மைனஸ்ஸா என்று அது சொல்லும். பி.எஸ்.பி.க்கு நடுவில் பிளஸ். 1989-ல் வந்த நின்டெண்டோ கேம் பாய்க்கு நடுவில் மைனஸ், அதுவும் 6 வோல்ட். மாற்றிச் செருகினால் சம்பந்தி சண்டைதான்.

ஐந்தாவது, குலம் கோத்திரம்! அடாப்டருக்குள்ளே ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் கொஞ்சம் இடைவெளியும்தான் காவல். மட்டமான சரக்கில் அந்தக் காவலில் கஞ்சத்தனம் பண்ணியிருப்பார்கள். அது உடைந்தால் 230 வோல்ட் ஒயர் வழியாக நேரே வரும். வருவது எங்கே? படுக்கையில் சாய்ந்துகொண்டு விளையாடுகிற பையனின் கைக்கு! அதனால் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் நிஜமா, டூப்ளிகேட்டா என்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டிப் பார்த்துவிடலாம்.

பேட்டரி விஷயத்தில் அலட்சியம் பண்ண எங்கள் ஊருக்கு உரிமையே கிடையாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம், எங்கள் பாஷையில் 'சிக்ரி', இங்கேதான் இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஆராய்ச்சி நடக்கிற ஊரில், உப்பிப்போன லித்தியம் பேட்டரியைத் தலையணைக்குக் கீழே வைத்து சார்ஜ் போடலாமா? பழைய கேம் கருவியின் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் அடாப்டரைத் தேடாதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

இப்போது வருகிற கருவிகளில் டைப்-சி. ஐரோப்பிய யூனியனில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கையடக்க கேம் கருவிகளும் டைப்-சி வழியாகத்தான் சார்ஜ் ஆக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இதில் அடாப்டரும் கருவியும் தங்களுக்குள் பேரம் பேசி வோல்டேஜை முடிவு பண்ணிக்கொள்ளும். அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பேரம் பேச இரண்டு பேருக்கும் ஒரே பாஷை தெரிய வேண்டும். அந்தப் பாஷைக்குப் பெயர் 'பவர் டெலிவரி', சுருக்கமாக பி.டி. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சை அதன் டாக்கில் வைத்து டி.வி.யில் விளையாட 15 வோல்ட், 2.6 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் கேட்பது 45 வாட். செல்போன் சார்ஜரில் 'ஃபாஸ்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், இந்தப் பாஷை பேசத் தெரியாவிட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும்.

ஆகவே கடைக்குப் போகும்போது கருவியையும் செத்துப்போன அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள். "எல்லாத்துக்கும் இது செட் ஆகும் சார்" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே திருப்பிப் பிடித்து ஜாதகத்தைப் படியுங்கள். எழுத்தே இல்லாத அடாப்டரா? வாங்கவே வேண்டாம். நல்லதாகக் கிடைத்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் எந்தக் கருவிக்கு உரியது என்று ஒரு சீட்டு எழுதி அதன் தலையில் ஒட்டிவிடுங்கள்.

கல்யாணப் பொருத்தத்தில் ஜோசியர் கொஞ்சம் முன்னே பின்னே அட்ஜஸ்ட் பண்ணுவார். வோல்ட் பண்ணாது!