வாய்ப்புற்றும் கதிர்ச் சிகிச்சையும்

பாண்டிருப்பிலும் அதனை அடுத்துள்ள கல்முனையிலும் வந்த விருந்தினர் முன் வெற்றிலைத் தட்டத்தை வைத்து உபசரித்தல் பழைய வழக்கம். தமிழரும் முஸ்லிம்களும் இதில் வேறுபட்டவரல்லர். அத்தட்டத்திலுள்ள பாக்கானது, புகையிலை சேராவிடினும், தானே புற்றுநோயை விளைவிக்க வல்லதென்று உலகச் சுகாதார தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே முடிவு கூறியது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் வாய்ப்புற்றே.

நோய்க்கு அஞ்சுவது இயல்பு. ஆனால், சிகிச்சைக்கு அதனினும் அதிகமாக அஞ்சுவோர் பலர். "கரண்ட் பிடித்தால் வாய் வெந்துபோகும்" என்பர். உடம்பினுள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எனினும் வாய் வேகும் என்பதில் உண்மை உண்டு. அந்த உண்மையின் அளவு யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் சத்திர சிகிச்சையே முதலிற் செய்யப்படும். கட்டி சிறிதாக, தொடக்க நிலையில் இருப்பின் அதுவே போதியதாதல் உண்டு. ஆகையால், "எனக்குக் கதிர்ச் சிகிச்சை அவசியந்தானா?" என்று வைத்தியரை வினவுதல் மரியாதைக் குறைவன்று. கழுத்து நெறிகளில் நோய் பரவியிருந்தாலோ, வெட்டிய விளிம்பில் எச்சம் உண்டென ஐயம் எழுந்தாலோ கதிர் வேண்டப்படும். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களில் ஏறத்தாழ 60 கிரே அளவு சிறிது சிறிதாகச் செலுத்துவர். இடைப்பட்ட நேரத்தில் நல்ல உயிரணுக்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும் என்பதே இதன் சூட்சுமம்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வாய் சிவந்து புண்ணாகும். உமிழ்நீரை விழுங்குவதும் வேதனையாகும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இச்சிகிச்சை உண்டு. பாண்டிருப்பிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். வெந்த வாயோடு நாள்தோறும் போய்வருபவர், "நாலு வாரம் போதும்" என்று நின்றுவிட எண்ணுதல் வியப்பன்று. ஆயினும் இடைவெளியிலே எஞ்சிய புற்றணுக்கள் விரைந்து பெருகும். தவறிய ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது சற்று மேலாகக் குறைகிறதென ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. புண்ணோ, சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். உப்பும் அப்பச்சோடாவும் கலந்த வெந்நீரை ஆறவைத்துக் கொப்பளித்தல், உண்ணுமுன் நோவு மருந்து, கஞ்சி, இயலாதபோது குழாய்வழி உணவு என இதற்கு வழிகள் உள. வெற்றிலையும் புகையும் அறவே ஆகா.

ஆறாதவை வேறு. உமிழ்நீர்ச் சுரப்பிகள் கெட்டால் வாய் வறளும். வறண்ட வாயிற் பற்கள் விரைவிற் சொத்தையாகும். கதிர் பட்ட தாடையெலும்பில் இரத்த ஓட்டம் குன்றுவதால், பின்னர் ஒரு பல்லைப் பிடுங்கினாலும் குழி ஆறாது எலும்பு அழுகக்கூடும். எனவே காப்பாற்ற இயலாத பற்களைச் சிகிச்சைக்கு இரு வாரங்கட்கு முன்னரே அகற்றுதல் வேண்டும். இருபது ஆண்டு கழிந்தாலும் பல் வைத்தியரிடம் கதிர் பெற்ற செய்தியைக் கூறுதல் வேண்டும். புண்ணுக்கு அஞ்சும் நம்மவர் பல்லைப் பற்றி நினைப்பதேயில்லை!

கதிரை வளைத்து அளவிட்டுச் செலுத்தும் புதிய முறைகள் சுரப்பிகளைப் பெரிதும் காக்கின்றன. தொண்டைப் புற்றாளரிடையே பிரித்தானியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டின் பின் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி பழைய முறையில் நூற்றுக்கு 74 பேருக்கும், புதிய முறையில் 38 பேருக்கும் இருந்தது.

வெற்றிலை மெல்வோர்க்குத் தனியாக ஒன்று கூறவேண்டும். பாக்கினால் கன்னத்தின் உட்தோல் முன்னரே நாராக இறுகி, வாய் முழுதும் திறவாதிருப்போர் பலர். கதிர் அவ்விறுக்கத்தைக் கூட்டும். அதுவும் வலியின்றி, சிகிச்சை முடிந்த பல மாதங்களின் பின்னும் மெல்ல மெல்லக் கூடும். முதல் நாளே, முன்பற்களுக்கிடையே தம் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எத்தனை நுழைகின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். மூன்று நுழைதல் பொதுவான அளவு. பின்னர் நாள்தோறும் பலமுறை வாயைத் திறந்து மூடும் பயிற்சியைச் செய்து, வாரந்தோறும் அவ்வளவை ஒப்பிட்டு, ஒரு விரல் குறைந்தாலும் சிகிச்சை நிலையத்திற் சொல்லிவிட வேண்டும்.